ஒரே ஆட்டத்தில் முடிந்துபோகும் வருஷம்

திண்டுக்கல் ஜங்ஷனில் இறங்கும் வெளியூர்க்காரரின் கண்ணில் முதலில் படுவது மலைக்கோட்டை. ஊருக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறை, அதன் தலையில் 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டையின் மதில். அடுத்து பிரியாணிக் கடைப் பலகைகள். 1957-இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்ற பெயரில் ஆரம்பித்த கடைதான் இன்று தலப்பாக்கட்டியாக உலகம் சுற்றுகிறது. அதற்கடுத்து பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. கிரிக்கெட்டுக்கும் இங்கே பலகை உண்டு, டிராகன்ஸ் அணியின் புண்ணியத்தில். கால்பந்தைப் பற்றி மட்டும் எந்தப் பலகையும் வாய் திறப்பதில்லை.

ஆனால் இதே ஜங்ஷனிலிருந்து மேற்கே பிரியும் தண்டவாளம் பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று போய்ப் பாலக்காட்டைத் தொடுகிறது. திருவனந்தபுரத்திலிருந்து வரும் அமிர்தா எக்ஸ்பிரஸ் அந்த வழியாகத்தான் காலையில் திண்டுக்கல்லுக்குள் நுழைகிறது. தண்டவாளத்தின் அந்த முனையில் கால்பந்துதான் ஊர்ப்பேச்சு. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராஃபியைக் கேரளம் ஏழு முறை வென்றிருக்கிறது. தமிழ்நாடு ஒரு முறைகூட வென்றதில்லை. இதில் ஒரு வேடிக்கை: கேரளம் முதன்முதலாக அந்தக் கோப்பையைத் தூக்கிய 1973-இல் அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தர்ராஜ் ஒரு தமிழர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராகக் கோல் அடித்தவர். அதன் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்கே போகவில்லை என்பதால், ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அவருடையதுதான். வித்தை தெரிந்த ஆள் இந்தப் பக்கத்துக்காரர், கோப்பை போனது அந்தப் பக்கம்.

கல்லூரிகள் விஷயத்திலும் கதை இதுதான். அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஆண்கள் கால்பந்தில் வெல்பவர்களுக்குத் தரப்படும் சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பை, 1968-இல் தொடங்கப்பட்ட கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்குப் பலமுறை போயிருக்கிறது. ஒரு பல்கலைக்கழக அணி ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. அதன் கீழ் இருக்கும் கல்லூரிகளின் அணிகள் எவ்வளவு கெட்டியோ அவ்வளவுதான் அதுவும். அப்படியானால் தண்டவாளத்தின் இந்த முனையில், திண்டுக்கல் சமவெளியில் இருக்கும் ஒரு கல்லூரி அணி எப்படி இருக்கிறது? அடிமட்டத்துக்குப் போய்விட்ட அணியைத் தூக்கி நிறுத்த வேண்டுமென்றால் எங்கே கை வைப்பது?

ஊரைச் சுற்றிக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பழைய கரூர் சாலையில் ஜி.டி.என். கலைக் கல்லூரி, 1960களின் தலைமுறை. பெண்களுக்கு எம்.வி. முத்தையா அரசுக் கல்லூரி. பழனி சாலையில் பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி, 1984-இல் தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தபோது வந்தது. மதுரை நெடுஞ்சாலையில் சின்னாளப்பட்டியை ஒட்டிக் காந்திகிராமம். கிழக்கே நத்தத்தில் என்.பி.ஆர். இவை தவிர, கிணறு தோண்டக் கடன் வாங்கிய நிலங்களில் எல்லாம் இன்று ஏதோ ஒரு பாலிடெக்னிக்கின் வளைவு நிற்கிறது. இங்கே சொல்லப்போகும் மைதானத்துக்குப் பெயர் வேண்டாம். இந்தச் சமவெளியில் பாதிக் கல்லூரிகளின் மைதானம் அப்படித்தான் இருக்கிறது.

மாலை நாலேகால் மணிக்குப் போனால் தெரியும். மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை. இரண்டுக்கும் நடுவே மழை மறைவில் கிடக்கும் பூமி இது. ஐப்பசி கார்த்திகையில் பெய்வதுதான் மழை. மற்ற மாதங்களில் மைதானம் செம்மண்ணும் சரளையுமாக இறுகிக் கிடக்கும். ஓரத்தில் வேப்பமரம், அதன் கீழ் பைகள், செருப்புகள், ஒரு தண்ணீர் கேன். கோல் கம்பம் உண்டு, வலை இருக்காது. பெனால்டி பாக்ஸ் என்பது போட்டி நாளில் மட்டும் சுண்ணாம்புப் பொடியில் தோன்றி மறைவது. பந்து பெரும்பாலும் நிவியா, ரப்பர் மேல்தோல் போட்டது. தோல் பந்து இந்தச் சரளையில் ஒரு மாதம் தாங்காது. கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் வேலியோரம் நெருஞ்சி படர்ந்திருக்கும். அங்கே போய்ப் பந்தை எடுத்து வருபவன் கையோடு அதைக் காதருகே வைத்துக் காற்று இறங்குகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே உதைப்பான்.

மைதானம் ஆட்டக்காரனின் உடம்புக்கு நிறையச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. இங்கே யாரும் சறுக்கிப் பந்தைப் பறிப்பதில்லை. ஒரு தடவை சறுக்கினால் தொடையில் தோல் இருக்காது. கீப்பர் பக்கவாட்டில் பாய்வதில்லை, காலை நீட்டித் தடுக்கிறான். தரை தாறுமாறாக எகிறவிடும் என்பதால் தரையோடு பாஸ் கொடுக்க யோசிக்கிறார்கள், தூக்கி அடிக்கிறார்கள். புல்தரையில் விளையாடப் பழகிய எதிரணியோடு மோதும் நாளில், பந்து சொன்னபடி கேட்கும் தரையில், இந்தப் பையன்களுக்குத்தான் ஒன்றும் ஓடாது. பி.டி. சார் வெளியிலிருந்து எவ்வளவு கத்தினாலும் மூன்று வருஷப் பழக்கம் தொண்ணூறு நிமிஷத்தில் மாறிவிடாது.

இதைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அது மஞ்சள் நிறத்தில், வரிசையாக, இன்ஜினை உறுமவிட்டபடி நிற்கிறது. காலேஜ் பஸ்.

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, நத்தம் என்று நாலாபுறமிருந்தும் பையன்கள் வருகிறார்கள். வகுப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் டவுன் பஸ் பிடித்து, பேருந்து நிலையம் போய், ஊர் பஸ் மாறி வீடு போய்ச் சேர இரவாகிவிடும். ஆக, பயிற்சிக்கு உண்மையில் கிடைப்பது விடுதிப் பையன்களும் பைக் வைத்திருப்பவர்களும்தான். பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்த அணியில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஏழெட்டுப் பேர் நின்றால் அது நல்ல நாள். அந்த ஏழெட்டுப் பேரை வைத்து என்ன பயிற்சி தர முடியும்? ஒரு கோல் கம்பத்தில் ‘ஷாட்’ அடிக்கச் சொல்லலாம், நாலுக்கு நாலு ஆடவிடலாம். நால்வர் தடுப்பு வரிசை ஒன்றாக முன்னேறி ஒன்றாகப் பின்வாங்குவதை எட்டுப் பேரை வைத்துக் கற்றுத்தர எந்தக் கொம்பனாலும் முடியாது. இந்தச் சமவெளியில் கல்லூரிக் கால்பந்து மெலிந்துபோனதற்குக் கிரிக்கெட்டைத் திட்டுவது வழக்கம். பஸ் அட்டவணையை யாரும் திட்டுவதில்லை.

பிறகு முகூர்த்த நாட்கள். ஆவணி பிறந்துவிட்டால் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாற ஆள் தேடுவார்கள். கேட்டரிங்குக்குப் போனால் கைச்செலவுக்குக் காசு, சாப்பாடு. போகாதே என்று எந்த வாயால் சொல்வது? அரியர் வைத்தவன் டியூஷனுக்கு ஓடுவான். வருகைப் பதிவு குறைந்தவனுக்குத் துறைத்தலைவர் ஓ.டி. (ஆன் டியூட்டி) கையெழுத்துப் போட யோசிப்பார். “மாட்ச்னா போ தம்பி, பிராக்டிஸுக்கெல்லாம் ஓ.டி. கெடையாது” என்பது பல துறைகளில் எழுதாத சட்டம்.

இவ்வளவையும் தாண்டி ஒரு அணி தயாராகி, சீருடை வாங்கி, வேன் பிடித்து மண்டலப் போட்டிக்குப் போகிறது. அங்கேதான் உண்மையான அநியாயம் காத்திருக்கிறது. கல்லூரிகளுக்கிடையிலான மண்டலப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். கடைசி நான்கு அணிகள் வந்த பிறகே லீக். அதாவது, தோற்றவன் வீட்டுக்குப் போகலாம். மதுரையின் பழைய பெரிய கல்லூரி ஒன்றோடு முதல் சுற்றிலேயே சீட்டு விழுந்தால் காலை ஒன்பது மணிக்கு ஆட்டம், பதினொரு மணிக்கு வேன் திரும்பி ஓடும். வழியில் வாடிப்பட்டியில் ஒரு டீ. அந்த வருஷக் கால்பந்து அத்தோடு முடிந்தது.

பலமான அணிக்கு ஐந்து ஆட்டம், பலவீனமான அணிக்கு ஒரே ஆட்டம். யாருக்கு ஆட்டம் அதிகம் வேண்டுமோ அவர்களுக்குத்தான் குறைவு. மூன்று வருஷப் படிப்பில் ஒரு பையன் இப்படி மூன்று ஆட்டம் ஆடிவிட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அவன் கற்றது எதுவும் அணியில் தங்குவதில்லை. ஒவ்வொரு மே மாதமும் அணியில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும், ஜூனில் புதிய முகங்கள். தோல்விகூடச் சேர்த்துவைக்கப்படுவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஏன் தோற்றோம் என்று நினைவு வைத்திருக்கும் ஒரே ஆள் பி.டி. சார். அவரும் ஒப்பந்தப் பணியில் இருந்தால் அந்த நினைவும் அடுத்த கல்லூரிக்கு மாறிப் போய்விடும்.

தலைகீழாகிப் போன கல்லூரி அணியைத் தூக்கி நிறுத்திய கதைகளில் உலகறிந்த ஒன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நடந்தது. அதுவும் சமவெளி, சோளமும் கோதுமையும் விளையும் பூமி. அங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்து ஆடுவது. ஆனால் கல்லூரி அணியின் சிக்கல்கள் எந்தப் பந்துக்கும் பொதுதான். மன்ஹாட்டன் என்ற சிற்றூரில் இருக்கும் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணி 1987-இலும் 1988-இலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 1989-இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை, நாட்டிலேயே உருப்படாத அணி இதுதான் என்கிற ரீதியில் ஒரு நீண்ட கட்டுரையே போட்டது. அந்த நேரத்தில்தான் பில் ஸ்னைடர் என்ற 49 வயதுக்காரர் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.

முதல் வருஷம் ஒரே ஒரு வெற்றி. 1989 செப்டம்பர் 30 அன்று நார்த் டெக்சஸ் அணியை 20-17 என்று, அதுவும் கடைசி நொடியில். அடுத்த வருஷம் ஐந்து வெற்றி, 1991-இல் ஏழு. 1998-இல் வழக்கமான பருவத்தின் பதினோரு ஆட்டங்களிலும் வெற்றி. 2003-இல் தங்கள் பிரிவின் சாம்பியன். இன்று அந்த மைதானத்துக்கே அவர் குடும்பப் பெயர். விடுதிச் சாப்பாட்டு மேசையில் வெண்ணெய் எப்படி வைக்கப்பட வேண்டும் என்பதுவரை அவர் கவனிப்பார் என்று அங்கே இன்றும் கதை சொல்வார்கள்.

ஆனால் திண்டுக்கல் பி.டி. சார் குறித்துக்கொள்ள வேண்டியது வெண்ணெய்க் கதையை அல்ல. ஸ்னைடர் பருவத்தின் ஆரம்ப ஆட்டங்களுக்குச் சுமாரான எதிரணிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். இதற்காக அவரைப் பலரும் கேலி செய்தார்கள், கோழை என்றுகூடச் சொன்னார்கள். அவர் கவலைப்படவில்லை. ஜெயித்தே பழக்கமில்லாத பையன்களுக்கு, கடைசிப் பத்து நிமிஷம் முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவது எப்படி என்பதை ஜெயித்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். அன்று அங்கே ஒரு பருவத்தில் பதினோரு ஆட்டம் உறுதி, அதில் சிலவற்றின் எதிரியை நாமே பொறுக்கலாம். வந்த முதல் வருஷம் ஒரு மாணவனை ஆடவிடாமல் பயிற்சியில் மட்டும் வைத்திருந்து, பிறகு நான்கு வருஷம் ஆடவிடுகிற ஏற்பாடும் உண்டு. இங்கே மூன்று வருஷம், மூன்று சீட்டுக் குலுக்கல். நத்தம் சாலையில் எந்த ஸ்னைடரை இறக்கினாலும் முதலில் அவர் கேட்கப்போவது, எனக்கு இன்னும் பத்து ஆட்டம் கொடுங்கள் என்பதாகத்தான் இருக்கும்.

நத்தம் சாலை என்றதும் கிரிக்கெட் வந்துவிடுகிறது. திண்டுக்கல்லிலிருந்து கிழக்கே, சிறுமலையின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு, மாந்தோப்புகளும் புளியமரங்களுமாக ஓடும் சாலை அது. அதன் முடிவில் என்.பி.ஆர். கல்லூரியின் மைதானம் பச்சையாக விரிந்து கிடக்கிறது, உயரமான மின்விளக்குக் கோபுரங்களோடு. தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் இங்கே நடக்கின்றன, ரஞ்சி ஆட்டமும் நடந்திருக்கிறது. அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் 2024-இல் கோப்பையை வென்றது. 2025 இறுதி ஆட்டம் இதே நத்தம் மைதானத்தில் நடந்து, சொந்த மண்ணிலேயே திருப்பூர் தமிழன்ஸிடம் டிராகன்ஸ் 118 ரன்னில் தோற்றது வேறு கதை. ஒரு கிராமப்புறத் தனியார் கல்லூரி மனது வைத்தால் மாநிலமே டிவியில் பார்க்கும் மைதானத்தை உண்டாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இந்த மண்ணில் புல் வளராது என்று சொல்பவர்களை நத்தத்துக்கு ஒருநடை கூட்டிப்போகலாம்.

புல்லுக்குத் தண்ணீர் வேண்டும், அது நியாயமான மறுப்பு. கோடையில் குடிநீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊர்களில் மைதானத்துக்கு நீர் பாய்ச்சுவது கண்ணை உறுத்தும். ஆனால் சரளையைப் பொறுக்கி எடுப்பதற்கும், வண்டல் மண் அடித்து ரோலர் விடுவதற்கும், நெருஞ்சியைக் களைவதற்கும் தண்ணீர் அவ்வளவு தேவையில்லை. ஆள்தான் தேவை.

மதுரைச் சாலையில் தெற்கே இறங்கினால் அம்பாத்துரை, சின்னாளப்பட்டி, காந்திகிராமம். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய நிறுவனம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. காந்தியையும் கால்பந்தையும் சேர்த்துப் பார்ப்பது யாருக்கும் சட்டென்று தோன்றாது. ஆனால் அவர் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது அவருடைய போராட்டத்தோடு சேர்ந்தே ஜொஹனஸ்பர்க், பிரிட்டோரியா போன்ற நகரங்களில் கால்பந்து அணிகள் இயங்கின. அணிகளுக்கு வைத்த பெயரே ‘பாஸிவ் ரெசிஸ்டர்ஸ்’. ஆட்டத்துக்குக் கூடும் கூட்டத்திடம் அவர் பேசுவார், துண்டறிக்கை போகும், சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்குப் பணம் சேரும். அந்தப் போராட்டத்தில் தமிழர்கள் ஏராளம் என்பதை நினைத்தால், காந்திகிராமத்து மைதானத்தில் பந்து உதைக்கும் பையனுக்கு ஒரு பாட்டன் வரிசை கிடைத்துவிடுகிறது. அவனிடம் சொன்னால், “அப்படியாண்ணே” என்று கேட்டுக்கொண்டு திரும்பவும் பந்துக்கு ஓடிவிடுவான். அவன் கவலை வலது பேக் வரவில்லையே என்பது.

இந்தச் சாலையிலேயே மேலும் தெற்கே, மதுரையைத் தாண்டி அருப்புக்கோட்டைச் சாலையில் காரியாபட்டிக்குப் போனால்தான் கேள்விக்குப் பதில் போல ஒன்று அகப்படுகிறது. அங்கே சேது தொழில்நுட்பக் கல்லூரி. சுற்றிலும் திண்டுக்கல் சமவெளியைவிடக் காய்ந்த பூமி, கருவேலங்காடு. இந்தக் கல்லூரிப் பின்னணியிலிருந்து, சீனி மொகைதீன் தலைமையில், 2016-இல் சேது எஃப்.சி. என்ற பெண்கள் அணி உருவானது. மூன்றே வருஷத்தில், 2019 மே மாதம், லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி நாட்டின் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி கோல் மழை பொழிந்தார். கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் நடுக்களத்தில் ஆடினார். கருவேலங்காட்டிலிருந்து கிளம்பிய அணி மணிப்பூரைத் தோற்கடித்தது. இந்தியப் பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

வெளியிலிருந்து நட்சத்திரங்களைக் கூட்டிவந்து ஜெயித்தார்கள் என்று ஒரு முணுமுணுப்பு உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் காசைக் கொட்டி வாங்கிய வெற்றி எப்படிக் கரையும் என்பதற்கு வேறு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. அதே 2019-இல் கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து ஐ-லீக் வென்ற சென்னை சிட்டி எஃப்.சி. சில வருஷங்களுக்குள் களத்திலிருந்தே காணாமல் போனது. சேது அப்படிக் கரையவில்லை. 2022-இல் மறுபடி கடைசி ஆட்டம்வரை பட்டத்துக்குப் போட்டியிட்டு, கோகுலம் கேரளாவிடம் 3-1 என்று தோற்று இரண்டாம் இடம் பிடித்தது. கல்லூரியோடு ஒட்டிய அணிக்கு விடுதி இருக்கிறது, மெஸ் இருக்கிறது, வகுப்பறை இருக்கிறது. ஒரு ஸ்பான்சர் கையை உதறினால் அடுத்த வேளைச் சோறு நின்றுபோகிற நிலை இல்லை. வேடசந்தூர் பஸ் இங்கே கிடையாது. விளையாடுகிறவர்கள் மைதானத்தின் பக்கத்திலேயே தூங்குகிறார்கள். அந்த ஒரு ஏற்பாட்டுக்கே பாதிப் பெருமை போக வேண்டும்.

ஆட்டங்களின் எண்ணிக்கையும் முக்கியம். இந்தியப் பெண்கள் லீக் தொடக்கத்தில் ஒரே ஊரில் சில வாரங்களில் முடிகிற போட்டி. 2023-24-இலிருந்து ஒவ்வொரு அணியும் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறை வந்தது. ஒரு தோல்விக்குப் பிறகும் அடுத்த வாரம் ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பயிற்சியாளருக்குத் திருத்துவதற்கு ஏதாவது மிஞ்சும்.

இந்துமதியின் கதையில் இன்னொரு நூல் இருக்கிறது. அது திண்டுக்கல்லுக்கு நேராகவே வந்து சேர்கிறது. 2004 சுனாமி வாரிச்சுருட்டிய கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் ஏழைப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். அந்தக் கூட்டத்திலிருந்து மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் ஆட்கள் போனார்கள். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தமிழ்நாடு பெண்கள் அணி தேசிய சாம்பியன் ஆனது. 2023-இல் அமிர்தசரஸில் அரியானாவை வென்று மீண்டும் ஒருமுறை. சந்தோஷ் டிராஃபிக்காக ஆண்கள் காத்துக்கொண்டே இருக்க, பெண்கள் ஐந்து வருஷ இடைவெளியில் இரண்டு முறை கோப்பையைக் கொண்டுவந்துவிட்டார்கள். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோப்பையைவிட அந்தத் தொப்பிக்குத்தான் மதிப்பு அதிகம். அதில் தப்பும் இல்லை.

எனவே இந்தச் சமவெளியில் ஒரு கல்லூரி அணியைத் திரும்பக் கட்டுவது ஜூன் மாத அட்மிஷன் மேசையில் ஆரம்பிக்கிறது. வருஷத்துக்கு ஆறேழு பேருக்கு விடுதியும் மெஸ்ஸும் இலவசம் என்று நிர்வாகம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் பஸ் பிரச்சினையில் பாதி தீரும். மூன்று வருஷத்தில் இருபது பேர் மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பார்கள். மண்டலப் போட்டிக்கு முன்பாகவே, பக்கத்து ஊர்ப் பள்ளி அணி, காவல்துறை அணி, பழனிப் பக்கத்துக் கிளப் என்று சனிக்கிழமைதோறும் ஒரு ஆட்டம் பிடித்துவிட்டால், சீட்டு எப்படி விழுந்தாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம் உறுதி. முதலில் ஜெயிக்கக்கூடிய அணியோடு, பிறகு திணறடிக்கிற அணியோடு. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருப்பதால் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. இதில் எதற்கும் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் அதே நாற்காலியில் ஐந்தாறு வருஷம் உட்கார வேண்டும். கான்சஸில் ஏழு வெற்றிக்கு மூன்று வருஷம் பிடித்தது என்பதை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது.

ஆட்களை எங்கே பிடிப்பது என்பதில் இந்த ஊர்ப் பி.டி. சார்களுக்குக் குழப்பமில்லை. கோடை விடுமுறையில் வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கங்களில் ஏழு பேர், ஐந்து பேர் ஆடும் சின்ன டோர்னமென்ட்கள் நடக்கும். கயிறு கட்டிய திடல், மைக் செட், சுழற்கோப்பை, ஆட்டுக்கிடா பரிசு. “மாப்ள, லெஃப்ட்ல ஆளே இல்லடா, தள்ளு!” என்று கூட்டத்திலிருந்தே பாதிப் பயிற்சி நடக்கும். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் தோள்பையோடு ஒருவர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டு, கோல் அடிப்பவனை விட்டுவிட்டு, பந்து இல்லாத நேரத்தில் எந்தப் பையன் எங்கே ஓடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தால், அவர் ஏதோ ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் என்று அடித்துச் சொல்லலாம். ஆட்டம் முடிந்ததும் பையனோடு அவன் வீட்டு வாசலுக்குப் போவார். அங்கே பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும்.

“சார், பந்து வெளையாண்டா இவனுக்கு வேல கெடைக்குமா?”

“கண்டிப்பா கெடைக்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேம்மா. காலேஜ் டீம்ல நல்லா ஆடி யூனிவர்சிட்டி டீமுக்குப் போனான்னா ஃபார்ம் த்ரீ சர்டிபிகேட் வரும். போலீஸ் செலக்சன்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா பத்து பர்சன்ட் இருக்கு, அதுல போடலாம். மத்த கவர்மென்ட் வேலைலயும் மூணு பர்சன்ட் இருக்கு.”

“ஹாஸ்டலுக்கு எவ்வளவு ஆகும்?”

“அது நம்ம பொறுப்பு. படிப்புல மட்டும் அரியர் வைக்கக் கூடாது, வச்சான்னா என்னால நிக்க முடியாது.”

“இவுங்கப்பா மில்லுல ஷிப்ட்டு சார். அவரு வந்தவுடனே கேட்டுச் சொல்றோம்.”

“கேளுங்க. டி.சி., மார்க் ஷீட், கம்யூனிட்டி சர்டிபிகேட், ஆதார், எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்க. திங்கக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ்ல இருப்பேன். தம்பி, உன் பூட்ஸ் நம்பர் என்ன, எட்டா ஒன்பதா?”